பாக் விர்யாவானின் கை குட்டையான கதை

மணப்பெண்ணின் இடது புருவம் மேலே ஏறி நின்றுவிட்டது. வலது புருவம் இருக்க வேண்டிய இடத்தில் அடக்கமாக இருந்தது. இடது மட்டும் "அப்படியா? நான் நம்பணுமா?" என்று கேட்பது போல வளைந்திருந்தது. ரோஹாயா அதைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மறுபடியும் அதே கேள்வி. விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லை. பென்சிலைப் பிடித்திருப்பது தன் கையா, பக்கத்து வீட்டுக்காரியின் கையா என்றே தெரியவில்லை. அதற்குள் நிக்காஹ் நடத்துகிறவர் வந்துவிட்டார் என்று பெண்ணைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அன்று முழுக்க அந்தப் பெண் மாப்பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்த்தபடியே இருந்தாள். மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. போட்டோக்களைப் பார்த்த பெண்ணின் அம்மா, "என் பொண்ணு எதையோ கண்டுபிடிச்ச மாதிரியே இருக்காளே" என்றாள்.

டெப்போக் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் என்றால் ரோஹாயாதான். கொண்டையில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டினால் மறுநாள் காலைவரை ஒரு மொட்டு நழுவாது. அப்படிப்பட்டவளின் பேரில் முதல் கீறல் அன்றைக்கு விழுந்தது. காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்தக் காரணத்துக்கு ஒரு பெயரும் உண்டு: பாக் விர்யாவான். (அங்கே ஆண்களைப் 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.)

சாவோ இன்டா குடியிருப்பில் ஒரு மடக்கு சைக்கிள் குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பல்கலைக்கழக ஏரிக்கரைவரை போவார்கள். அங்கே கோழிக் கஞ்சி சாப்பிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். சில ஞாயிறுகளில் சைக்கிளை மடக்கி மின்சார ரயிலில் ஏற்றிக்கொண்டு போகோர் போய், அங்கேயும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பழைய தலைவர் கேட்ட ஒரே கேள்வி, "இன்னைக்கு எங்க சாப்பிடலாம்?" அவர் மகனோடு சுரபாயாவுக்குக் குடிபோன பிறகுதான் பாக் விர்யாவான் தலைவரானார். அன்றோடு குழுவுக்குச் சனி பிடித்தது.

அவர் எடை அளவு அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தைத் தராசுகளையும் பெட்ரோல் பங்க் மீட்டர்களையும் சோதித்து முத்திரை குத்துவதே அவருடைய ஆயுட்கால வேலை. ஓய்வு பெற்ற பின் முத்திரை குத்த எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு குழு நிறைய சைக்கிள்கள் கிடைத்தன.

தலைவரான முதல் ஞாயிறே டேப்போடு வந்தார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. முழங்கையை சீட்டோட மூக்குல வைங்க. கையை ஹேண்டில் பக்கம் நீட்டுங்க. நடுவிரல் நுனிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல மூணு விரல் இடைவெளி. அதுதான் சரியான அளவு. ஹேண்டில் சீட்டை விட உயரமா இருக்கக் கூடாது. கூன் போடாம, படுக்காம, முன்னாடி சாஞ்சு ஓட்டணும்."

"யாரோட மூணு விரல், பாக்?" என்று கேட்டாள் ரோஹாயா.

"விரல்னா விரல்தான்."

அவருடைய விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். கைகளோ நின்றபடியே முழங்காலைச் சொறிந்துகொள்ளும் அளவுக்கு நீளம். ரோஹாயாவோ தன் வீட்டு அலமாரியின் மேல்தட்டைத் தொட முக்காலி போடுகிறவள். அவள் சைக்கிளின் ஹேண்டில் தண்டைக் கீழே இறக்கினார். ஹேண்டிலைத் தண்டோடு பிடித்திருந்த பிடியைத் தளர்த்தி முன்னால் தள்ளினார். ஆலன் கீயால் இறுக்கினார். அதன் மேல் சின்னதாக ஒரு வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டினார்.

"இது முத்திரை. ஒரு வருஷத்துக்குச் செல்லும். யாரும் கை வைக்கக் கூடாது."

"பாக், எனக்கு எட்டவே இல்லையே."

"பழகிடும், இபு ரோஹாயா. உடம்புதான் அளவுக்கு வரணும். அளவு உடம்புக்கு வராது."

உடம்பு வரவில்லை. ஹேண்டிலை எட்டிப் பிடிக்கச் சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் சுண்டுவிரல் மரத்துப் போகும். தோள் கல்லாகும். அதே குழுவில் வந்த, கேக் செய்து விற்கும் யுயுன், திங்கட்கிழமைகளில் முட்டைகூட அடிக்க முடியவில்லை என்று புலம்பினாள். ரகசியமாக மாற்றி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பாக் விர்யாவான் எப்போதும் கடைசியில் வருவார். பின்னாலிருந்து ஒவ்வொருவர் முழங்கையையும் பார்த்துக்கொண்டே வருவார். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாலும், "யாரு அது, சந்தைக்குப் போற மாதிரி உக்காந்திருக்கிறது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போடுவார்.

புருவம் ஏறிய கல்யாணத்துக்கு மறுநாள் ரோஹாயா யுயுனின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

"நம்ம வண்டியைத்தானே தொடக் கூடாது, யுயுன்? அவர் வண்டியைத் தொட்டா?"

மாவு பிசைந்துகொண்டிருந்த யுயுனின் கை நின்றது. "அக்கா, நீ என்ன யோசிக்கிறே?"

"எட்டாத ஹேண்டிலைப் பிடிச்சு ஓட்டினா எப்படி இருக்கும்னு அவருக்கும் தெரியட்டுமே. ஒரேயடியா இல்ல. வாரத்துக்கு ஒரு விரல். என் விரல்."

"முத்திரை ஒட்டியிருக்காரே?"

ரோஹாயா தன் அலங்காரப் பெட்டியைத் திறந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள். பொய் இமை ஒட்டும் பசை. "நாள் முழுக்க அழுற பொண்ணு கண்ணுலயே நிக்கும். அவரோட ஸ்டிக்கர் எந்த மூலைக்கு?"

அடுத்த ஞாயிறு கஞ்சி வண்டிக்கு எதிரே சைக்கிள்களை வேலியோரம் நிறுத்தினார்கள். பாக் விர்யாவான் ஏரியைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். யுயுன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்ரோல் பங்க்காரர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று கேட்டாள். அதற்கு மேல் அவர் திரும்பவேயில்லை. ரோஹாயா வேலிப் பக்கம் குனிந்தாள். ஈரத் துணியால் ஸ்டிக்கரை நனைத்து உரித்தாள். பிடியைத் தளர்த்தி ஹேண்டிலை ஒரு விரல் முன்னே தள்ளினாள். இறுக்கினாள். இழுத்தும் முறுக்கியும் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தானே தவிர, ஆளை விழவைக்கிற எண்ணம் இல்லை. ஸ்டிக்கரைப் பசை போட்டு ஒட்டி, ஊதி உலர்த்திவிட்டு வந்து தன் கஞ்சியைச் சாப்பிட்டாள். ஆறிப்போன கஞ்சி அன்றைக்கு ஏனோ ருசித்தது.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரமும் இன்னொரு விரல். அதற்கடுத்த வாரம் தண்டும் சற்றுக் கீழே இறங்கியது.

போகோர் போன ஞாயிறன்று மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். ஸ்டேஷனில் சைக்கிளை மடக்கும்போது அவருடையது மட்டும் மூடவில்லை. ஹேண்டிலின் முனை முன்சக்கரத்தில் போய் முட்டியது. இரண்டு பாதிகளையும் கவ்விப் பிடிக்கும் காந்தம் கவ்வாமல் விரிந்து நின்றது. பாக் விர்யாவான் குனிந்து முட்டுகிற இடத்தை உற்றுப் பார்த்தார்.

"காந்தம் செத்துப் போச்சு, பாக்!" என்றாள் ரோஹாயா அவசரமாக. "என் வண்டியிலயும் இப்படித்தான் ஆச்சு." தன் கொண்டை ரப்பரைக் கழற்றி இரண்டு சக்கரங்களையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். அவர் நன்றி சொன்னார். ரயிலில் ஏறி உட்காரும்வரை யுயுன் அவள் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் சிரித்துவிடுவாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது. பாக் விர்யாவானின் சத்தம் குறைந்தது. மற்றவர்களின் முழங்கையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, தன் முழங்கையோடு போராடவே சரியாக இருந்தது. சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். சிவப்பு விளக்கில் நின்றால் கையை உதறிக்கொண்டார். ஒரு ஞாயிறு கஞ்சிக் கரண்டி அவர் விரல்களிலிருந்து தானாகவே நழுவி விழுந்தது. அதைக் குனிந்து வெறித்துப் பார்த்தார். ரோஹாயாவுக்கு உள்ளுக்குள் தேன் பாய்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், கை வலித்தாலும், பாடிக்கொண்டே போனாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

அந்த வாரம் அவர் மனைவி இபு குஸ்தினா, தம்பி மகள் கல்யாணத்துக்குக் கொண்டை போட்டுக்கொள்ள ரோஹாயா வீட்டுக்கு வந்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வீட்டு மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு, ரோஹாயா. தான் சுருங்கிக்கிட்டே போறதாச் சொல்றார்."

ரோஹாயாவின் சீப்பு பாதியில் நின்றது. "சுருங்கறதுன்னா?"

"கை குட்டையாகுதாம். ஹேண்டில் எட்ட மாட்டேங்குதாம். வயசானா எலும்பு தேயும், அது கையிலிருந்துதான் ஆரம்பிக்கும்னு எங்கேயோ படிச்சிருக்கார். காலையில எழுந்ததும் கதவு நிலையில சாஞ்சு நின்னு பென்சில்ல கோடு போடறார். கால்சியம் பால் குடிக்கிறார். மைதானத்துல இருக்கிற கம்பியில போய் வவ்வால் மாதிரி தொங்கறார்."

"டேப் வெச்சு அளந்து பார்க்கலாமே? அவர்கிட்ட இல்லாத டேப்பா?"

"அளந்தாரே! கை எப்பவும் இருந்த நீளம்தான் இருக்கு. உடனே டேப் தப்புன்னுட்டார். துணி டேப்பு, இழுத்து இழுத்து நீண்டுபோச்சாம். நாப்பது வருஷமா அந்த டேப் மேல சத்தியம் பண்ணின மனுஷன், ரோஹாயா." இபு குஸ்தினா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தலைவர் பதவியை விடப் போறாராம். சைக்கிளை யாருக்காவது குடுத்துடப் போறாராம். ராத்திரி சாப்பாடுகூட சரியா இறங்கல."

ரோஹாயாவின் தொண்டையில் இருந்த தேன் கசந்தது. கோபக்காரரைக் கொஞ்சம் வலிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாளே தவிர, ஒரு மனுஷனை அவர் கையையே நம்பாதபடி ஆக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனாள்.

பாக் விர்யாவான் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைமாற்றிக் கொடுக்கிறவர் துடைக்கிற துடைப்பு அது.

"பாக், ஒண்ணு சொல்லணும். உங்க கை குட்டையாகல. உங்க ஹேண்டிலை முன்னாடி தள்ளினது நான்தான். வாரா வாரம். நீங்க கஞ்சி குடிக்கும்போது."

அவர் துணியைக் கீழே வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஹேண்டில் தண்டில் குனிந்து ஸ்டிக்கரை விரலால் தடவினார்.

"முத்திரை அப்படியே இருக்கே."

"உரிச்சுட்டுத் திருப்பி ஒட்டினேன், பாக். பொய் இமை ஒட்டுற பசையால."

அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"இமைப் பசையா! குஸ்தினா சொல்லித்தானே வந்தீங்க? ஒரு கெழவன் மனசு நோகக் கூடாதுன்னு எவ்வளவு தூரம் யோசிச்சிருக்கீங்க! நான் உங்களை எவ்வளவு விரட்டியிருக்கேன், நீங்க பழியை உங்க மேல போட்டுக்கிட்டு..."

"பாக், நிஜமாவே நான்தான்..."

"போதும், இபு ரோஹாயா. இந்த மனசு போதும்." உள்ளே திரும்பி, "குஸ்தினா! இவங்களுக்கு டீ கொண்டா!" என்று கூப்பிட்டார்.

டீயைக் குடித்துவிட்டு ரோஹாயா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினாள். உண்மையைச் சொல்லி இவ்வளவு பாராட்டு அவள் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

வேறு வழியில்லை. செய்ததைச் செய்த வழியிலேயே திருப்ப வேண்டியதுதான். யுயுன் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த ஞாயிறு வரவழைத்தாள். பெட்ரோல் பங்க் மோசடிகளை மறுபடி முதலிலிருந்து கேட்டாள். ரோஹாயா வேலியோரம் குனிந்து ஹேண்டிலை ஒரு விரல் பின்னே இழுத்தாள். மறு வாரம் இன்னொரு விரல். தண்டு மேலே ஏறியது. பழைய இடத்துக்கு வந்த பிறகும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. பாவம், வயசானவர் என்று இன்னும் அரை விரல் நெருக்கி வைத்தாள்.

பாக் விர்யாவான் நிமிர்ந்தார். கரண்டியைக் கெட்டியாகப் பிடித்தார். ஏரிக்கரை மேட்டில் எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். ஒரு ஞாயிறு காலை, குழுவைக் குடியிருப்பு மைதானத்தில் நிற்க வைத்தார். அவர் முகம் ஜொலித்தது.

"என் கை திரும்பி வளந்துடுச்சு! பாலும் இந்தக் கம்பியும்தான் காரணம். இனிமே ஓட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் தொங்கணும். முதல்ல இபு ரோஹாயா. எனக்காகக் கவலைப்பட்டவங்க அவங்கதான்."

ரோஹாயாவுக்குக் கம்பி எட்டவில்லை. அவரே இடுப்பளவு உயர ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, அவள் பிடித்துக்கொண்டதும் அதை உருவிவிட்டார். அவள் தொங்கினாள். பக்கத்தில் யுயுன் தொங்கினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

"அக்கா, இது யார் செஞ்ச வேலை?" என்று யுயுன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"வாயை மூடு. விழுந்துடுவேன்."

வேடிக்கை பார்க்க வந்த இபு குஸ்தினா, கணவர் அந்தப் பக்கம் போனதும் ரோஹாயாவின் காலடியில் வந்து நின்றாள். கைக்குட்டையைப் பிரித்தாள். அதில் கறுப்பாகச் சுருண்டு ஒரு பொய் இமை.

"அவரோட ஹேண்டில் தண்டுல ஒட்டிக்கிட்டிருந்துது. முதல்ல பூரான்னு நினைச்சேன்."

ரோஹாயாவின் கை வழுக்கியது. மண்ணில் உட்கார்ந்தபடியே, "நான் சொன்னேன், அக்கா. அவர் நம்பல" என்றாள்.

"நம்ப வேண்டாம், விடு. இப்ப ரெண்டு தட்டு சோறு சாப்பிடறார்." இபு குஸ்தினா கைக்குட்டையை மடித்துக்கொண்டாள். "ஆனா எனக்கு ஒண்ணு செய்யணும் நீ. எனக்கும் ஒரு மடக்கு சைக்கிள் வேணும். அவர் கிட்ட அளவு எடுக்கக் குடுக்க மாட்டேன். நீதான் வெச்சுக் குடுக்கணும்."

"முத்திரை இல்லாத வண்டியை அவர் விடுவாரா?"

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்? இவ்வளவு பண்ணினவளுக்கு இது ஒரு கஷ்டமா?"

ரோஹாயா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கம்பியில் தொங்குகிறவர்களைப் பார்த்தாள், கை கட்டி நிற்கும் தலைவரைப் பார்த்தாள். நேராக அவரிடம் போனாள்.

"பாக், ஒரு சந்தேகம். தொங்கினா கை வளருது. தொங்காட்டி குறையுது. அப்படித்தானே?"

"சந்தேகமே இல்ல."

"அப்ப எங்க உடம்பு வாரா வாரம் மாறும். முத்திரை மட்டும் எப்படி ஒரு வருஷத்துக்குச் செல்லும்?"

பாக் விர்யாவான் ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிள்களைத் திரும்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. அவர் ஒருநாளும் காசு வாங்கிக்கொண்டு தப்புத் தராசுக்கு முத்திரை குத்தியவரல்ல. பொய் முத்திரை என்ற நினைப்பே அவருக்கு ஆகாது.

"சந்தைத் தராசா இருந்தா என்ன பண்ணுவீங்க, பாக்?" ரோஹாயா விடவில்லை. "இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி காட்டுற தராசு."

"அதுக்கு முத்திரை குத்தக் கூடாது" என்றார் மெதுவாக. "சட்டமே அதுதான். மாறிக்கிட்டே இருக்கிற பொருளுக்கு முத்திரை கிடையாது." அப்புறம் திடுக்கிட்டவர் போல, "அடடா, எத்தனை வண்டிக்கு ஒட்டிட்டேன்!" என்றார்.

அன்றைக்கு அவரே மைதானத்து ஓரத்தில் குனிந்து, ஒவ்வொரு சைக்கிளிலிருந்தும் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். எல்லாம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவருடையது மட்டும் லேசாகக் கையோடு வந்துவிட்டது. அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். ரோஹாயா ஏரி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே அவங்கவங்க அளவை அவங்கவங்களே வெச்சுக்கங்க" என்று அறிவித்தார். "ஆனா தொங்கறது கட்டாயம்."

மைதானம் முழுக்க தண்டுகள் மேலே ஏறின, ஹேண்டில்கள் பின்னால் வந்தன. ரோஹாயா தன்னுடையதை முழங்கை லேசாக மடங்கும் தூரத்துக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து பார்த்தாள். தோள் இறங்கியது. உள்ளங்கையில் பாரமே இல்லை. தொங்கிய வலி மட்டும் அக்குளில் இருந்தது. இனி ஒவ்வொரு ஞாயிறும் இருக்கும்.

இபு குஸ்தினாவுக்குப் பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள் வந்தது. ரோஹாயா அவளைச் சுவரோரம் சீட்டில் உட்கார வைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். சோம்பல் முறிக்கிற மாதிரி இல்லாமல், தட்டில் சோறு எடுக்கிற மாதிரி கையை நீட்டச் சொன்னாள். கை போய் நின்ற இடத்துக்கே ஹேண்டிலைக் கொண்டுவந்தாள். இபு குஸ்தினா கண்ணைத் திறந்து, "அட, நாற்காலியில உக்காந்த மாதிரி இருக்கே!" என்றாள்.

அவள் முதன்முதலில் குழுவோடு வந்த ஞாயிறு, பாக் விர்யாவான் அவளுக்குப் பின்னாலேயே ஓட்டினார். அவள் சந்தைக்குப் போகிறவள் மாதிரி விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்த ரோஹாயா மணியை அடித்தாள்.

ஏரிக்கரை இறக்கத்தில் பச்சை சைக்கிள் வேகம் பிடித்தது.

"பிரேக்கைப் பிடி, குஸ்தினா! பிரேக்கு!"

"ஏன்?" என்று கத்தினாள் அவள். முக்காடு பறந்தது. "நல்லாத்தானே போகுது!"

ரோஹாயாவைத் தாண்டினாள், யுயுனைத் தாண்டினாள், முன்னால் போன எல்லோரையும் தாண்டினாள். கஞ்சி வண்டிக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சைக்கிளை மறித்துப் பிடித்த பிறகுதான் நின்றாள். பாக் விர்யாவான் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கஞ்சிக்கு வறுத்த வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.